தோட்டத்தில் உட்கார ஓர் இடம்: நாற்காலியைக் கடைசியில் வாங்குங்கள்

வீட்டுத் தோட்டத்தில் உட்கார இடம் வேண்டும் என்று தோன்றியதும் முதலில் தேடுவது நாற்காலியைத்தான். வாங்கி வந்து புல்மேல் போட்ட இரண்டாம் நாளே அதன் கால்கள் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். மாலை நான்கு மணிக்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கும். ஒரு மழை பெய்தால் மூன்று நாள் அந்தப் பக்கமே போக முடியாது. கொஞ்ச நாளில் அந்த நாற்காலி துணி காயப்போடத்தான் உதவும்.

நாற்காலிமேல் குற்றமில்லை. வேலைதான் தலைகீழாக நடந்திருக்கிறது. சரியான வரிசை இது: இடம், அளவு, தண்ணீர் போகும் வழி, தரை, நிழல், விளக்கு, செடி, கடைசியில் இருக்கை. கீழே வரும் கணக்கெல்லாம் 10-க்கு 10 அடி இடத்துக்கு. நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார இது போதும். உங்கள் இடம் சிறியதோ பெரியதோ, சதுர அடியை வைத்து விகிதம் போட்டுக்கொள்ளலாம்.

1. ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்

வீட்டிலிருக்கும் பழைய நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு, நீங்கள் உண்மையில் உட்காரப்போகும் நேரத்தில் தோட்டத்தின் மூன்று நான்கு இடங்களில் தலா அரை மணி நேரம் உட்காருங்கள். காலையில் பேப்பர் படிக்கவா, மாலையில் பேசிக்கொண்டிருக்கவா, இரவில் காற்று வாங்கவா என்பதைப் பொறுத்து இடம் மாறும். காலைக்கும் மாலைக்கும் ஒரே இடம் பொருந்துவது அரிது. எது முக்கியம் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

ஒவ்வொரு மணிக்கும் நிழலின் விளிம்பில் ஒரு முளை அடித்து வைத்தால் நிழல் எப்படி நகர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இன்று பார்த்த நிழல் ஆறு மாதம் கழித்து அங்கேயே இருக்காது. சூரியனின் பாதை ஆண்டு முழுவதும் வடக்கும் தெற்குமாக மாறிக்கொண்டே இருக்கும். கடும் வெயில் மாதத்தில் பார்த்து முடிவெடுப்பதே பாதுகாப்பு.

சில இடங்களை உட்கார்ந்து பார்க்காமலேயே ஒதுக்கிவிடலாம். ஏசியின் வெளிப்புறப் பெட்டி சூடான காற்றை ஊதும் பக்கம், கழிவுநீர்த் தொட்டியின் மூடி இருக்கும் இடம் (அதை எப்போதாவது திறந்தே ஆகவேண்டும்), பெரிய காய் விழும் மரத்தின் அடி, பறவைகள் அடையும் கிளையின் கீழ், மழைநீர்க் குழாய் வந்து கொட்டும் மூலை. சமையலறையிலிருந்து நடந்து வரும் தூரத்தையும் பாருங்கள். கையில் தட்டோடு நாற்பது அடி நடக்கவேண்டிய இடத்துக்குப் போகும் நாட்கள் போகப்போகக் குறைந்துவிடும்.

2. அளவைத் தரையில் கயிறு போட்டுப் பாருங்கள்

காகிதத்தில் போதும் என்று தோன்றும் அளவு தரையில் போதவே போதாது. தோட்டத்துக் குழாயையோ தடித்த கயிற்றையோ தரையில் போட்டு எல்லையைக் காட்டி, உள்ளே வீட்டு மேசை நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு, நான்கு பேர் உட்கார்ந்து எழுந்து பாருங்கள்.

மேசை விளிம்பிலிருந்து பின்னால் குறைந்தது இரண்டரை அடி வேண்டும். அப்போதுதான் நாற்காலியைத் தள்ளி எழ முடியும். உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் இன்னொருவர் நடக்கவேண்டும் என்றால் மூன்றரை அடி. மேசையில்லாமல் இரண்டு பேர் சாய்ந்து உட்கார மட்டும் என்றால் 7-க்கு 7 அடியிலேயே முடித்துவிடலாம். உட்காரும் இடத்துக்கு வரும் நடைபாதைக்கு ஒருவர் நடக்க இரண்டு அடியும், இருவர் சேர்ந்து நடக்க மூன்று அடியும் ஒதுக்குங்கள்.

பெரிதாக இருக்கட்டுமே என்று 15-க்கு 15 போட்டுவிடாதீர்கள். நடுவில் இரண்டு நாற்காலி போட்டால் வாகன நிறுத்துமிடம்போல வெறிச்சென்று இருக்கும். அடக்கமான இடத்தில்தான் மனசு ஒட்டும்.

3. மண்வெட்டியை எடுக்கும் முன் கையில் இருக்கவேண்டிய தாள்கள்

முதலாவது, வீட்டின் வரைபடம். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி எந்தப் பக்கம் போகின்றன என்று தெரியாமல் தோண்டக்கூடாது. வரைபடம் இல்லையென்றால் தொட்டி மூடி, மீட்டர், வால்வு ஆகியவற்றை நேர்க்கோட்டில் இணைத்துப் பார்த்து, சந்தேகமான இடத்தில் கடப்பாரை போடாமல் சின்ன மண்வெட்டியால் கொத்துங்கள்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். காலி செய்யும்போது தரையைப் பெயர்க்கவேண்டுமா, விட்டுவிடலாமா என்பதும் அதில் இருக்கட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத் தோட்டம் என்றால் சங்கத்தின் சம்மதம். வெறும் தரைக்கும் நாற்காலிக்கும் பொதுவாக யாரும் அனுமதி கேட்கமாட்டார்கள். நிலையான கூரையோ எல்லையை ஒட்டிய சுவரோ எழுப்பினால் உள்ளாட்சி அலுவலகத்தில் விதியைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

வேலையை ஆளிடம் கொடுப்பதாக இருந்தால் ஒரு பக்கத் தாளில் இவை இருந்தே ஆகவேண்டும்: தோண்டும் ஆழம், அடித்தள ஜல்லியின் தடிமன் (இறுக்கிய பிறகு எவ்வளவு என்று), மணலின் தடிமன், பேவரின் (தரையில் பதிக்கும் கான்கிரீட் கல்லின்) தடிமன், சரிவு எந்தப் பக்கம் எவ்வளவு, தோண்டிய மண்ணை யார் எடுத்துப்போவது. ‘பேவர் போட்டுத் தருகிறோம், சதுர அடிக்கு இவ்வளவு’ என்று ஒரே வரியில் வரும் மதிப்பீட்டில் அடித்தளம் இருக்காது. இருந்தாலும் அரைகுறையாக இருக்கும். பணத்தை மூன்றாகப் பிரித்து, ஜல்லி இறுக்கி முடித்து நீங்கள் அளந்து பார்த்த பிறகு நடுத்தவணை என்று வைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

4. பொருள் கணக்கும் கண்ணில் படாத செலவும்

பேவர் விலையை நூறு சதுர அடியால் பெருக்கி, அதையே மொத்தச் செலவு என்று எழுதுவதுதான் எல்லோரும் விழும் குழி. 10-க்கு 10 அடி இடத்துக்கு உண்மையில் வேண்டியது இது.

ஓரத்தைப் பிடித்து நிறுத்த நான்கு பக்கமும் அரை அடி கூடுதலாகத் தோண்டவேண்டும். ஆக 11-க்கு 11, அதாவது 121 சதுர அடி. 7 அங்குல ஆழத்துக்கு ஏறக்குறைய 70 கன அடி மண். தோண்டியதும் மண் பொங்கிக் குறைந்தது 90 கன அடி ஆகிவிடும். இதை எங்கே கொட்டுவது என்று முன்பே யோசிக்காவிட்டால் தோட்டத்தின் நடுவில் ஒரு குன்று நிற்கும். மேல்மண்ணைத் தனியாக ஒதுக்குங்கள், செடிப் பாத்திக்கு ஆகும்.

அடித்தளத்துக்கு 20 மி.மீ. ஜல்லியிலிருந்து தூசிவரை எல்லா அளவும் கலந்த கலவை வேண்டும். ஒரே அளவு ஜல்லி மட்டும் வாங்கினால் எவ்வளவு தட்டினாலும் இறுகாது, உருண்டுகொண்டே இருக்கும். இறுக்கிய பிறகு 4 அங்குலம் நிற்க 40 கன அடி. இறுகும்போது அமுங்கும் என்பதால் 50 கன அடி வாங்குங்கள். விரிப்பு மணல் 1 அங்குலத்துக்கு 12 கன அடி. மழைநீரை உள்ளே விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணி 130 சதுர அடி.

20-க்கு 10 செ.மீ. பேவர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 50 கல். நூறு சதுர அடிக்கு 465, சேதாரம் சேர்த்து 490. மூலைவாட்டில் போடும் வடிவம் என்றால் வெட்டுக்கல் அதிகம், 510 வாங்குங்கள். 60 மி.மீ. தடிமனுள்ள கல் ஒன்று 2.75 கிலோ அளவில் வரும். மொத்தம் 1,300 கிலோவுக்கு மேல். ஜல்லி அதற்கும் மேலே. வண்டி எங்கே நிற்கும், அங்கிருந்து தோட்டத்துக்குச் சுமப்பது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். ஏற்றுகூலி, இறக்குகூலி, மண் அகற்றும் வண்டி, தட்டும் இயந்திரத்தின் வாடகை, கல் வெட்டும் பிளேடு எல்லாம் தனித்தனியாக வரும். எல்லாவற்றையும் கூட்டி அதன்மேல் 15 சதவீதம் ஒதுக்கி வையுங்கள்.

தட்டும் இயந்திரம் இரண்டு தடவை வேண்டும்: ஜல்லிக்கு ஒரு நாள், கல் போட்டு முடித்த பிறகு ஒரு நாள். தொடர்ந்து ஒரு வாரம் வாடகைக்கு எடுத்தால் நடுநாட்களில் சும்மா கிடக்கும்.

5. தோண்டுவதும் சரிவு கொடுப்பதும்

மழைக்காலம் முடிந்து மண்ணில் லேசான ஈரம் இருக்கும் நாட்கள் தோண்ட நல்லவை. காய்ந்து கெட்டித்த மண்ணோடு மல்லுக்கட்டவேண்டாம். சேறாக இருக்கும்போது மிதித்தால் அடிமண் குழைந்துவிடும்.

தோண்டும் முன் ஒரு சோதனை. ஓரத்தில் ஒரு அடி ஆழக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய தண்ணீர் மறுநாள்வரை நின்றால் அது களிமண். அப்படியென்றால் ஜல்லி 4 அங்குலம் போதாது, 6 வேண்டும். தோண்டும் ஆழமும் அதற்கேற்பக் கூடும்.

நான்கு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டுங்கள். சதுரம் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை அளந்தால், 10-க்கு 10 அடிக்கு இரண்டு பக்கமும் 14 அடி 1¾ அங்குலம் வரவேண்டும். இரண்டும் சமமாக இல்லையென்றால் கடைசி வரிசையில் ஒவ்வொரு கல்லையும் வெட்டவேண்டி வரும்.

அடுத்தது சரிவு. தரை வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் சாயவேண்டும். 10 அடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் இறங்கினால் தண்ணீர் ஓடிவிடும், மேசையில் வைத்த குவளையும் சாயாது. ட்யூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயில்) இரண்டு முனையையும் சமமட்டம் பார்த்துக்கொண்டு, வெளிப்பக்க நூலை மட்டும் அந்த அளவுக்கு இறக்குங்கள். கண்மட்டத்தை நம்பாதீர்கள், தோட்டத்து மண் எப்போதும் சமமாக இருப்பதுபோலத்தான் தெரியும். சுவரை ஒட்டிப் போடுவதாக இருந்தால் முடிந்த தரை வீட்டின் ஈரத்தடுப்பு அடுக்குக்கு (தரையின் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு) அரை அடி கீழே நிற்கவேண்டும். இல்லாவிட்டால் மழைச்சாரல் தெறித்து உள்சுவரில் ஓதம் ஏறும்.

மரத்துக்குப் பக்கத்தில் தோண்டுகிறீர்களா? இரண்டு அங்குலத்துக்கு மேல் தடித்த வேர் தென்பட்டால் வெட்டாதீர்கள், தரையைத் தள்ளிப்போடுங்கள். மரம் பட்டுப்போவது ஒரு பக்கம் இருக்கட்டும். தாங்குவேர் போன மரம் காற்றில் சாய்ந்தால் அது விழுவது உங்கள் உட்காரும் இடத்தின்மேல்தான்.

விளக்குக் கம்பிக்கான குழாய் போடவேண்டிய நேரமும் இதுதான். ஒன்று போதும் என்றாலும் இரண்டாகப் போடுங்கள், ஒன்று காலியாகவே கிடக்கட்டும். பின்னால் சொட்டுநீர்க் குழாய், ஃபவுன்டன், மின்விசிறி என்று ஏதாவது ஒன்று வந்தே தீரும். மூடும் முன் அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. அடித்தளம்: வெளியே தெரியாத இந்த வேலையில் சிக்கனம் பார்க்காதீர்கள்

இரண்டு ஆண்டில் மேடும் பள்ளமுமாகிப்போன தரையைப் பெயர்த்துப் பார்த்தால் கீழே பெரும்பாலும் வெறும் மண்ணும் அதன்மேல் மணலுமாகத்தான் இருக்கும். கல்லின் தரத்தை எல்லோரும் பார்த்து வாங்குகிறார்கள். அது உட்காரும் மெத்தையை யாரும் பார்ப்பதில்லை.

வேர், இலை, கருமண் எல்லாம் நீங்கும்வரை எடுங்கள். அவை மக்கி அமுங்கும். அடிமண்ணைத் திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கனமான கட்டை) போட்டு இறுக்கி, துணியை விரித்து, விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஒரு அடி ஏறும்படி போடுங்கள். ஜல்லி களிமண்ணுக்குள் புதைந்துபோகாமல் தடுப்பது இந்தத் துணிதான். அதற்குப் பதிலாக பிளாஸ்டிக் தாள் போடச் சொல்பவர்கள் உண்டு. போட்டால் தண்ணீர் தேங்கி மணல் கூழாகும், கல் ஆடும்.

ஜல்லியை ஒரேயடியாக நான்கு அங்குலமும் கொட்டித் தட்டினால் மேலே மட்டும்தான் இறுகும். கைத்திமிசு என்றால் இரண்டு இரண்டு அங்குலமாகக் கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்குங்கள். தூசி பறந்தால் ஈரம் குறைவு. கட்டையில் ஒட்டினால் ஈரம் அதிகம். குதிகாலால் ஓங்கி மிதித்தும் தடம் விழவில்லை என்றால் சரியாக வந்திருக்கிறது.

சரிவு இந்த அடுக்கிலேயே வந்துவிடவேண்டும். மேலே மணலில் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டால், மணல் தடிமனாக இருக்கும் பக்கம் அதிகம் அமுங்கி அங்கே குளம் கட்டும். ஒரு நீளமான மட்டப்பலகையை வைத்துப் பாருங்கள்; அடியில் கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி தெரிந்தால் ஜல்லியிலேயே சரிசெய்யுங்கள்.

7. மணல், கல், ஓரம்

வெளிவிட்டம் ஓர் அங்குலம் உள்ள இரண்டு குழாய்களை ஜல்லிமேல் இணையாக வைத்து, நடுவில் மணலைக் கொட்டி, நேரான பலகையால் குழாய்களின்மேல் இழுத்தால் ஒரே சீரான அடுக்கு கிடைக்கும். குழாயை எடுத்த தடத்தில் மணலை நிரப்பித் தடவுங்கள். இழுத்த மணலை மிதிக்கக்கூடாது. போட்டு முடித்த கல்மேல் நின்றுகொண்டே முன்னேறுங்கள்.

மணல் கழுவியதாகவும் கொஞ்சம் பெருவெட்டாகவும் இருக்கவேண்டும். பூச்சு மணல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடற்கரை மணல் உப்பு. கல்மேல் வெள்ளையாகப் பூக்கும். மணலில் இரண்டு கூடை சிமென்ட் கலந்தால் கெட்டியாக நிற்கும் என்று கொத்தனார் சொல்லக்கூடும். ஜல்லி அடித்தளத்தின்மேல் அது வேண்டாம். தரை கொஞ்சம் அசையும். சிமென்ட் அடுக்கு அசையாமல் உடையும். உடைந்த துண்டின்மேல் கல் ஆடும்.

நேராக இருக்கும் ஒரு பக்கத்திலிருந்து கல்லைப் பதித்துக்கொண்டு வாருங்கள். இடைவெளி 2 முதல் 3 மி.மீ. இருக்கட்டும், ஒன்றோடொன்று முட்டக்கூடாது. முட்டினால் தட்டும்போது விளிம்பு பெயரும். மூன்று வரிசைக்கு ஒருமுறை நூல் பிடித்துப் பாருங்கள். கடைசி மட்டத்தைவிடக் கால் அங்குலம் உயரமாகவே கல் நிற்கட்டும், தட்டியதும் இறங்கிவிடும்.

ஓரத்தில் 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட்டை நான்கு அங்குல அகலத்தில், கல்லின் பாதி உயரம்வரை சாய்வாக அணைத்துவிடுங்கள். மேலே மண் மூடிப் புல் வளர இடம் இருக்கும். இந்த அணைப்பு இல்லாத தரை ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். நடுவில் இடுக்குகள் விரியும். கான்கிரீட்டுக்கு இரண்டு நாள் விட்டு, இயந்திரத்தின் அடியில் ரப்பர் விரிப்பு கட்டி இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். பிறகு நன்றாகக் காய்ந்த நைசான மணலைக் கொட்டி, எல்லா இடுக்கும் நிரம்பும்வரை பெருக்கி, மறுபடி ஓட்டி, மறுபடி பெருக்கவேண்டும். ஈர மணல் இடுக்கின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும். பார்வைக்கு நிரம்பியதுபோல் இருக்கும், உள்ளே காலி.

பேவர் வேண்டாம் என்றால்? கூர்முனை உள்ள 6 முதல் 10 மி.மீ. சிறு ஜல்லியை இதே அடித்தளத்தின்மேல் இரண்டு அங்குலம் பரப்புவது சிக்கனமான வழி. கூழாங்கல் அழகுதான், ஆனால் உருண்டை என்பதால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது, நாற்காலி மூழ்கும். கான்கிரீட் தளம் என்றால் 4 அங்குலத் தடிமன், 1:1.5:3 விகிதம், நூறு சதுர அடிக்கு ஏழெட்டு மூட்டை சிமென்ட், குறைந்தது 7 நாள் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்கவேண்டும். மரப்பலகைத் தளம் என்றால் ஓர் அங்குலப் பலகைக்கு அடிச்சட்டம் 16 அங்குலத்துக்கு ஒன்று, பலகைக்குப் பலகை 5 மி.மீ. இடைவெளி; மண்ணை எந்த மரமும் தொடவே கூடாது, கரையான் அதற்காகத்தான் காத்திருக்கிறது. பளபளக்கும் டைல்ஸ் மட்டும் வேண்டாம். ஒரு தூறலிலேயே வழுக்கும்.

8. நிழல்: கூரை எங்கே இருக்கிறதோ அங்கே நிழல் இருக்காது

தலைக்கு நேர்மேலே எட்டடி உயரத்தில் 10-க்கு 10 அடி கூரை போட்டாயிற்று. மேற்கே சூரியன் 45 பாகையில் இருக்கும் மாலை நேரத்தில் அதன் நிழல் எட்டடி கிழக்கே தள்ளி விழும். உங்கள் தரையில் மிஞ்சுவது இரண்டடி நிழல். உட்கார ஆசைப்படும் நேரத்தில் நாற்காலி வெயிலில் இருக்கும். செடிப் பாத்திக்கு நல்ல நிழல் கிடைக்கும்.

இதற்கு இரண்டு வழி. கூரையை மேற்குப் பக்கமாக மூன்று நான்கடி நீட்டுவது ஒன்று. மேற்கில் ஆறடி உயரத்துக்குச் செங்குத்தான மறைப்பு வைப்பது மற்றொன்று: கொடி ஏறிய தட்டியோ மூங்கில் திரையோ இறக்கி ஏற்றும் துணியோ. இரண்டாவதே மலிவு, பலனும் அதிகம்.

பந்தல் போட்டால் கால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடிச் சதுரத்தில் இரண்டடி ஆழக் குழி எடுத்துக் கான்கிரீட் நிரப்புங்கள். ஒரு குழியில் ஏறக்குறைய 135 கிலோ கான்கிரீட் நிற்கும். பந்தலுக்கு ஆபத்து பாரத்தால் வருவதில்லை, கீழிருந்து தூக்கும் காற்றால் வருகிறது. அதைப் பிடித்துவைப்பது இந்த எடைதான். மரக்காலைக் கான்கிரீட்டுக்குள் புதைக்காமல் இரும்புப் பாதத்தில் நிறுத்தினால் அடி அழுகாது. குழிகளைத் தரை போடும் முன்பே எடுத்துவிடுங்கள்.

இழுத்துக்கட்டும் நிழல் துணி என்றால் சமமட்டமாகக் கட்டவே கூடாது. 10 அடி நீளத்துக்கு மூன்றடி உயர வேறுபாடு கொடுங்கள். இல்லாவிட்டால் மழைநீர் நடுவில் தொட்டிபோலத் தேங்கி, தூணையே உள்ளே இழுக்கும். துணியின் ஓரங்கள் உள்வாங்கி வளைந்திருக்கும் என்பதால் வாங்கும் அளவைவிடக் கிடைக்கும் நிழல் குறைவு. கைப்பிடிச் சுவரில் கொக்கி அடிக்காதீர்கள். கான்கிரீட் தூணிலோ உத்திரத்திலோ அடியுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றி உள்ளே வைப்பதற்கு வசதியாக ஒவ்வொரு மூலையிலும் முறுக்கி இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற டர்ன்பக்கிள் கொக்கி இருக்கட்டும். வலை என்றால் 50 சதவீத நிழல் செடிக்குப் போதும், மனிதருக்கு 75 வேண்டும். குடை என்றால் ஒன்பதடிக் குடைக்கு அடிப்பாரம் குறைந்தது 30 கிலோ. எழுந்து உள்ளே போகும்போது மடக்கிவிட்டுப் போங்கள்.

9. மறைப்பு, காற்று, கொசு

முதுகுக்குப் பின்னால் ஏதாவது இருந்தால்தான் மனிதர்களுக்கு உட்கார நிம்மதி. சுவர், வேலி, அடர்ந்த செடி, எதுவாக இருந்தாலும் சரி. உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து நான்கடிக்குள் இருக்கும். ஆகவே ஐந்தடி மறைப்பு பொதுவாகப் போதும். எட்டடிச் சுவர் எழுப்பினால் கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மாடி வீட்டுப் பார்வையைத் தடுக்கச் சுவர் உதவாது, பந்தல்தான் உதவும்.

காற்றுத் தொல்லை இருக்கிறது என்று இடைவெளியே இல்லாத பலகையை நிறுத்தினால், காற்று அதன்மேல் ஏறி மறுபக்கம் சுழன்று உங்கள் தலையிலேயே இறங்கும். பாதி இடைவெளி உள்ள தட்டி காற்றை வேகம் குறைத்து உள்ளே விடும். மூன்று பக்கத்துக்கு மேல் அடைக்காதீர்கள். காற்று நின்ற இடத்தில் கொசு உட்காரும்.

கொசுவுக்கு எளிய வைத்தியம் மின்விசிறி. கொசுவால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது. கால் மட்டத்தில் வீசும்படி வைத்தால் பெருமளவு விலகும். சூடான காலத்தில் முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தொட்டிச் செடிகளுக்கு அடியிலுள்ள தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்ப்பது எல்லா மருந்தையும்விட நல்லது.

10. விளக்கு

தலைக்கு மேலே ஒரு வெள்ளை எல்இடி போட்டால் உட்காரும் இடம் கடைவாசல் ஆகிவிடும். 2,700 கெல்வின் மஞ்சள் ஒளி, முழங்கால் உயரத்துக்குக் கீழே, பல்ப் கண்ணில் நேராகப் படாதபடி, 3 முதல் 5 வாட்டில் நான்கைந்து விளக்குகள். நீல வெளிச்சத்துக்கு வரும் அளவு பூச்சிகள் மஞ்சளுக்கு வராது.

12 வோல்ட் அமைப்பு வீட்டுக்காரரே கையாளக்கூடியது. எல்லா விளக்கின் வாட்டையும் கூட்டினால் டிரான்ஸ்ஃபார்மரின் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கடைசி விளக்கு மட்டும் மங்கினால் கம்பி நீளம். தடித்த கம்பி போடுங்கள். வெளியே போகும் வீட்டு மின்சாரத்துக்கு மின்பணியாளரே வரவேண்டும்: இரண்டடி ஆழத்தில் குழாய்க்குள் கம்பி, 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம், ஐபி 65 தரமுள்ள (தூசியும் பீச்சும் தண்ணீரும் உள்ளே புகாத) விளக்குகள். சூரிய விளக்கு வாங்குபவர்கள் அதை நிழலில் நட்டுவிட்டு இரவு எரியவில்லை என்பார்கள்.

11. செடி

முள்ளும் பாலும் உள்ளவை இருக்கையிலிருந்து மூன்றடி தள்ளி. தேனீ மொய்க்கும் பூ கைக்கு எட்டும் தூரத்தில் வேண்டாம். கறை பிடிக்கும் பழம் உதிரும் மரம் தலைக்குமேல் வேண்டாம். மணக்கும் செடியைக் காற்று வரும் பக்கத்தில் வையுங்கள்; மறுபக்கம் வைத்தால் மணம் பக்கத்து வீட்டுக்குப் போகும். கொடி பந்தலை மூட ஓராண்டு முதல் இரண்டாண்டு ஆகும். அதுவரை ஒரு நிழல் வலை கட்டிக்கொள்ளலாம்.

12. இப்போது நாற்காலி

உட்காரும் உயரம் 16 முதல் 18 அங்குலம். முதியவர்கள் இருந்தால் 18, கைப்பிடி கட்டாயம். தாழ்வான சாய்வு நாற்காலியிலிருந்து எழ அவர்களுக்கு ஆள் தேவைப்படும். சாப்பிடும் மேசை 28 முதல் 30 அங்குலம், காபி மேசை இருக்கையின் உயரமே. கட்டுச்சுவரையே பெஞ்சாக்குவதாக இருந்தால் 18 அங்குல உயரமும் 16 அங்குல அகலமும் வையுங்கள். கடையில் கால்மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வெட்கப்படாதீர்கள்.

பவுடர் கோட்டிங் செய்த அலுமினியம் துருப்பிடிக்காது, எடை குறைவு, ஆகவே காற்றில் நகரும். இரும்பு நகராது, கீறல் விழுந்த இடத்தில் துருப்பிடிக்கும். தேக்கு நாளடைவில் சாம்பல் நிறமாகும்; அது கெட்டுப்போனதன் அடையாளமில்லை. கறுப்பு உலோகம் வெயிலில் தொட முடியாமல் சுடும். செயற்கைப் பிரம்பு வாங்கினால் உள்ளே இருக்கும் சட்டம் என்ன உலோகம் என்று கவிழ்த்துப் பாருங்கள். பின்னல் நன்றாக இருக்கும்போதே சட்டம் துருப்பிடித்து உடைவதுண்டு.

மெத்தையில்தான் பணம் வீணாகும். சாதாரண ஃபோம் நனைந்தால் நாட்கணக்கில் காயாது, பூஞ்சை வாடை அடிக்கும். தண்ணீர் வழிந்தோடும் பெரிய துளை ஃபோம் கேளுங்கள், உறை கழற்றக்கூடியதாக, ஜிப் அடிப்பக்கம் இருக்கும்படி. எதுவானாலும் ராத்திரி உள்ளே எடுத்துவையுங்கள். எடுத்துவைக்கும் பெட்டி நாற்காலிக்குப் பத்தடிக்குள் இல்லையென்றால் யாரும் எடுத்துவைக்கமாட்டார்கள்.

13. எத்தனை நாள், அதன்பிறகு என்ன

இரண்டு பேர் வேலை செய்தால் தோண்ட இரண்டு நாள், ஜல்லி ஒரு நாள், மணலும் கல்லும் இரண்டு நாள், ஓரக் கான்கிரீட் இறுக இரண்டு நாள், தட்டி நிரப்ப அரை நாள். பந்தல் குழிக்குத் தனியே ஒரு வாரம், அது தரைக்கு முன்பே. நடுவில் மழை வந்தால் ஜல்லிக்கு ஒன்றும் ஆகாது. இழுத்து வைத்த மணல் மட்டும் கெட்டுவிடும், ஆகவே அன்றைக்குக் கல் போடும் அளவுக்கு மட்டும் மணலை இழுங்கள்.

இரண்டு வாரம் கழித்து இடுக்கு மணல் இறங்கியிருக்கும், மறுபடி பெருக்கி நிரப்புங்கள். கல்லில் வெள்ளை படர்ந்தால் அமிலம் ஊற்றிக் கழுவ அவசரப்படவேண்டாம்; சிமென்டிலிருந்து வரும் அந்தப் பூப்பு சில மாத மழையில் தானே போகும். களை கீழிருந்து வருவதில்லை, காற்றில் வந்த விதை இடுக்கில் முளைப்பது. சிறிதாக இருக்கும்போதே பிடுங்கினால் வேர் கல்லைத் தூக்காது. முதல் பெருமழையின்போது குடையோடு வெளியே போய்த் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஏதாவது இரண்டு மூன்று கல் தாழ்ந்திருந்தால் அவற்றை மட்டும் நெம்பி எடுத்து, ஒரு கைப்பிடி மணல் போட்டுத் திரும்பப் பதித்துவிடலாம்.